தணலில் வாட்டிய ஈரல்

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊரில் கண்ணகியின் நாட்டுக்கோழிகளைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் அடைத்துவைப்பது கிடையாது. காலையில் திறந்துவிட்டால் குப்பைமேடு, களத்துமேடு, பூனை படுத்துப் புரளும் மணல் என்று எல்லாவற்றையும் கிளறித் தின்னும். புதுப்பட்டினம் சந்தையில் அவள் கோழிக்கென்றே ஆட்கள் காத்திருப்பார்கள். புருஷன் போனபின் தம்பி ரமேஷ் வீட்டோடு வந்துவிட்டவளுக்கு அந்தக் கோழிகள்தான் கௌரவம்.

தம்பி மனைவி சுஜாதாவுக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டானாள். உடம்பில் ரத்தம் குறைவு என்றார்கள். கண்ணகிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கோழி அறுத்ததும் ஈரலை மட்டும் தனியே எடுத்து, கம்பியில் குத்தித் தணலில் காட்டுவாள். மேல்நிறம் மாறியதும் எடுத்துவிடுவாள். உள்ளே சிவப்பு இருக்க வேண்டும். வெந்துவிட்டால் சத்து போய்விடும் என்பது அவர்கள் வீட்டுப் பெண்களின் நம்பிக்கை.

"அண்ணி, ரத்தம் வருது இதுல!"

"வந்தாத்தாண்டி உனக்கு ஊறும். மூக்கப் புட்ச்சிக்கினு முழுங்கு. உங்க கேன்டீன் சாம்பார்ல இன்னா கீது? தண்ணிதான கீது?"

சுஜாதா சிரித்துக்கொண்டே விழுங்குவாள். நடுவில் சில நாள் காய்ச்சல் அடித்தது, கழுத்தில் நெறி கட்டியது. பஸ்ஸில் போய்வரும் அலைச்சல் என்று விட்டுவிட்டார்கள்.

பெண் பிறந்தது. ஸ்ரீதேவி என்று பெயர் வைத்தார்கள். மாதங்கள் போயும் குழந்தை யார் முகத்தையும் பார்க்கவில்லை. செங்கல்பட்டில் கண் டாக்டர் சோதித்துவிட்டு, விழிக்குள் தழும்பு என்றார். ஒட்டுண்ணிக் கிருமியாம். பூனையின் மலத்திலிருந்து மண்ணுக்கு வரும். மண்ணைக் கிளறும் கோழியின் உடம்பில் தங்கும். சரியாக வேகாத கறி வழியாக மனிதருக்கு ஏறும். கர்ப்பத்தில் தாய்க்கு வந்தால் பிள்ளையையும் பிடிக்கும்.

"நல்லா வேக வச்சா செத்துடும்மா. அரைவேக்காடா எதுனா சாப்ட்டீங்களா?"

சுஜாதா குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். கண்ணகி பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் குட்த்தேன் டாக்டர்," என்றாள் கண்ணகி.

"அதுலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. மண்ணுல கை வச்சாலும் வரும், கழுவாத காய்லயும் வரும்." மருந்து கொடுத்தால் மேற்கொண்டு பரவாமல் நிற்கலாம், போன பார்வை திரும்பாது என்றும் சொன்னார்.

திட்டியிருந்தால் கண்ணகி அழுது தீர்த்திருப்பாள். யாரும் திட்டவில்லை. அவள் வீட்டில் பேசுவதை விட்டாள். குரல் கேட்டால் குழந்தை அவளைத் தேடித் தலையைத் திருப்பும், கண் வேறெங்கோ போய் நிற்கும். அதைத் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சுஜாதாவே கேட்டாள். "இன்னா அண்ணி, ஊமையாட்டம் போய்க்கினு வந்துகினு இருக்கே? நீ பேசாட்டி, நீ எங்க கீறன்னு இதுக்கு எப்டித் தெரியும்?"

குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

கண்ணகி கூப்பிட்டாள். குழந்தை சிரித்தது, அவள் காதுக்கு அப்பாலிருந்த வெறும் சுவரைப் பார்த்து.