சிட்டே பார்க்கப் போனவள்

புழுவைக் கண்டால் ஊரே முகம் சுளித்த காலத்தில், அதை வீட்டில் வைத்து வளர்த்து, பூச்சியாகும்வரை பார்த்துப் பார்த்து வரைந்த ஓர் ஐரோப்பியப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். முட்டை, புழு, கூடு, சிறகு எல்லாவற்றையும் அந்தப் புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே தாளில் வரைவாளாம். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஓசூர் கம்பெனியில் நாளெல்லாம் உதிரிபாகத்தில் கீறல் தேடுகிறவளுக்கு விஞ்ஞானியாகும் ஆசை வந்து தொலைத்தது.

தளிக்குப் பக்கத்தில் ஒரு வரப்பில் ஆடுதின்னாப்பாளை மண்டிக் கிடந்தது. இலைக்கடியில் ஐந்து புழுக்கள். ஷிப்ட் முடிந்து நேராகப் போயிருந்தேன். சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக உட்கார்ந்து நோட்டில் செடியை வரைந்துகொண்டிருந்தபோது நிலத்துக்காரம்மா வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வண்ணத்துப்பூச்சிக்குக் கன்னடத்தில் சிட்டே என்று பேர். அவர் மொழியிலேயே பேசி அசத்தலாம் என்று, "அக்கா, சிட்டே நோடக்கே பந்தெ" என்றேன், பார்க்க வந்தேன் என்ற அர்த்தத்தில்.

அவர் முகம் மாறியது. "எல்லாம் எங்க பேர்லதான் இருக்கு கண்ணு" என்றார் தமிழில்.

பூச்சிக்குக்கூடப் பாத்தியதை கொண்டாடுகிறாரே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, புழுக்களைக் கொஞ்சம் இலையோடு டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். அவை வேறெந்த இலையையும் தொடாது. நாலாம் நாள் இலை தீர்ந்து மறுபடி போனால், வரப்பு முழுக்கக் கருகிக் கிடந்தது. களைக்கொல்லி நாற்றம் குப்பென்று அடித்தது.

அவரே ஓடி வந்தார். "நீதான அன்னைக்குச் சிட்டா பாக்க வந்த? கம்பெனிக்கு நெலம் எடுக்கறாங்களாமே. தரிசுன்னு எழுதிடாத கண்ணு. பாரு, களையெல்லாம் மருந்தடிச்சுட்டேன், ஒரு புல் பூண்டு இல்ல."

அவர் காதில் விழுந்தது நிலத்துச் சிட்டா. அட்டையையும் நோட்டையும் பார்த்து, ஆபீசிலிருந்து வந்தவள் என்றே நம்பிவிட்டார். என் வாயைத்தான் தைக்க வேண்டும். அந்த அம்மாவைக் கோபிக்கவும் வழியில்லை.

"எழுத மாட்டேங்க்கா" என்றேன்.

சுற்றுவட்டாரத்து வரப்பெல்லாம் தேடியும் அந்தச் செடி கிடைக்கவில்லை. எருக்கிலை வைத்தேன், சீண்டக்கூட இல்லை. மூன்றாம் நாள் கடைசிப் புழுவும் சுருண்டது. நோட்டில் செடி இலையும் பூவுமாக அச்சு அசலாக இருக்கிறது. புழுவும் இருக்கிறது. கூட்டுக்கும் சிறகுக்கும் விட்டிருந்த இடத்தில் தரிசு என்று எழுதி மூடி வைத்தேன்.