மூன்றாவது குழாய்

எங்கள் டிராக்டரின் இடது மட்கார்டு எனக்குச் சொந்தம். பத்திரம் ஏதும் கிடையாது, ஆனால் ஊருக்கே தெரியும். அப்பா ஓட்டுவார், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மட்கார்டின் மேல் உட்கார்ந்து வருவேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது இருந்த ஒரே டிராக்டர் அது. அப்பாவும் அதுவும் ஒரே வயது என்பார்கள். சிவப்பு வண்டி என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான், துருவும் கிரீசும் போக மிச்சம் இருந்ததுதான் சிவப்பு.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஐப்பசியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தலை தீபாவளிக்குப் போளூர்ப் பக்கத்திலிருந்து மாமாவோடு வந்தவள், மாமா திரும்பிப் போன பிறகும் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். முதல் வருடம் பெண்ணைப் புதுச் சாமை இல்லாமல் புகுந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அறுத்த சாமைக் கதிர்கள் களத்தில் கிடந்தன. அவற்றின் மேல் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டித்தான் மணியைப் பிரிப்போம். பிரித்ததும் மூட்டையையும் தங்கையையும் அண்ணனே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வர வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்த மட்கார்டு அத்தையினுடையதாம். வந்த மறுநாளே கேட்காமல் கொள்ளாமல் ஏறி உட்கார்ந்தாள். அப்பா என்னைப் பின்னால் டிரெய்லரில் ஏறிக்கொள்ளச் சொன்னார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதோடு போயிற்றா? என் டிரங்குப் பெட்டியில் என் பாவாடைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு அவள் புடவைகள் குடியேறின. பண்டிகைக்கு வந்தவள் எதற்காகக் கம்பளிவரை தூக்கிக்கொண்டு வந்தாள் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா, “வவுறு எரியாம சோத்தத் துண்ணுடி, செரிக்காது” என்றாள். என்னிடம் சிரிக்காத அப்பா அவளிடம் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

சாமை மிதிக்க வேண்டிய நாளில் வண்டி படுத்துக்கொண்டது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் மிஸ் அடிக்கும். மூன்று சிலிண்டரில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் நொண்டிக்கொண்டே ஓடும். களத்தில் இரண்டு சுற்று வந்ததும் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும். மழைக்குப் பயந்து கதிர்மேல் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

அதற்குப் பிறகு தினமும் வைத்தியம்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். தளர்த்தியதும் வண்டி இன்னும் துவண்டால் அந்த சிலிண்டர் நல்லது. தளர்த்தியும் வண்டி கண்டுகொள்ளாவிட்டால் அங்கேதான் கோளாறு. அத்தை தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள்.

“இன்னா சொல்ற?” என்று அவளைத்தான் கேட்பார்.

“ரெண்டாவதுதாண்ணா, எனக்குத் தோணுது.”

இரண்டாவதைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள். வண்டி அப்படியே நொண்டும். மறுநாள் பம்பாக இருக்குமோ என்பாள். அதற்கடுத்த நாள் டீசலில் தண்ணீரோ என்பாள். அப்பாவும் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். ஒருநாள் சாமான் விசாரித்து வருவதாகத் திருப்பத்தூருக்குப் போய்விட்டு, கடை மூடிக் கிடந்தது என்று சொல்லித் திரும்பி வந்தார். எனக்கு மட்டும் ஒரு மஞ்சள் பையில் மிக்சர் வாங்கி வந்திருந்தார். அன்று ஒருநாள்தான் எனக்கு மனசு குளிர்ந்தது. அந்தப் பையைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாளே அதைக் காணோம். அத்தைக்குத்தான் கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டினேன்.

வண்டி சரியானால் இவள் போய்விடுவாள். எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். ஊர் மாரியம்மனிடம்கூட அதையே வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பைக்கில் வந்து இறங்கினார். காப்பித் தம்ளரைக்கூடக் கையில் வாங்கவில்லை.

“இன்னும் எத்தினி நாளு மச்சான்? எங்கம்மா கேட்டுக்கினே கீது.”

“வண்டி மிஸ் அடிக்குது மாப்ள. இன்னான்னே பிடிபடல. நீங்களே வந்து பாருங்க” என்று அப்பா அவரைக் களத்துக்கு அழைத்துப் போனார். அத்தை ஸ்பேனரோடு பின்னால் போனாள். அவளே நடுவில் நிற்கப் போகிறாள், மாமாவும் அவளைத்தான் மெச்சப் போகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அம்மாவின் தோசைக்கல் ஞாபகம் வந்தது. கல் காய்ந்ததா என்று பார்க்க அம்மா தண்ணீர் தெளிப்பாள். காய்ந்திருந்தால் சொய்யென்று சீறும். வேலை செய்யாத சிலிண்டர் மட்டும் எப்படிச் சுடும்? ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தார். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மூன்று குழாய்களின் மேலும் வரிசையாகத் தெளித்தேன். முதலாவது சீறியது. இரண்டாவதும் சீறியது. மூன்றாவதில் தண்ணீர் சும்மா வழிந்து கீழே சொட்டியது.

“மூணாவதுப்பா! மூணாவது சுடவே இல்ல!” என்று கத்தினேன்.

மாமா குனிந்து மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தார். “பாப்பா கண்டுபிடிச்சிட்டாளே மச்சான்!” என்று என் முதுகில் தட்டினார். நான் அத்தையைத்தான் பார்த்தேன். தோற்றவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. அவள் முந்தானையால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பா என்ஜினை அணைத்தார். பிறகு, “பாப்பா சொல்றதுதான் சரி” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டூல் பாக்ஸைத் திறந்து, அடியிலிருந்து சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒரு புது நாசிலை எடுத்தார். அது என் மஞ்சள் பையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அத்தையிடம் இல்லை, இங்கேதான் இருக்கிறது என் பை! எனக்குத் தலைகால் புரியவில்லை. பையை வாங்கி உதறினேன். ஓரத்தில் மிக்சர் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

நாசிலை மாட்டியதும் வண்டி மணி மாதிரி ஓடியது. மத்தியானத்துக்குள் சாமை மிதித்து, தூற்றி, மூட்டை கட்டியாகிவிட்டது. மாமா அன்றே முன்னால் போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் நாங்கள் போளூர்ப் பக்கம் கிளம்பினோம். மட்கார்டில் நான். அத்தை, அவளாகவே, டிரெய்லரில் மூட்டைமேல் ஏறிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“வண்டி இப்ப நல்லா ஓடுது இல்லப்பா?” என்று கேட்டேன்.

“நல்லா ஓடுது” என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். மடியில் மஞ்சள் பையை மடித்து வைத்திருந்தேன். நான் மிக்சர் தின்ற அன்றே அந்த நாசில் வீட்டுக்கு வந்துவிட்டது என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.