கேமராவில் தெரியும்படி

அக்கா சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்துகிறார். குனிந்து இரண்டு பக்கமும் பிரேக் போடுகிறார். நிமிர்ந்து, கதவுக்கு மேலே மூலையில் இருக்கும் கேமராவைப் பார்த்து, "பிரேக் போட்டாச்சு" என்கிறார். தரையைக் காலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஈரம் இல்ல" என்கிறார். அதற்குப் பிறகுதான் என் அப்பாவிடம் திரும்பி, "எந்திரிக்கலாமாப்பா?" என்று கேட்கிறார்.

இந்த முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் அவருக்கு அக்கா என்றே பெயர். வயது ஐம்பத்து மூன்று. எண்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், இவரும் சளைக்காமல் "என்ன தம்பி?" என்று போய் நிற்கிறார். கையில் வளையல் கிடையாது, நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். "இவங்க தோலு வெங்காயச் சருகு மாதிரி சார், பட்டாலே கிழிஞ்சிடும்."

கேமராவுக்கு அவர் வைத்த பெயர் மாமியார். "எங்க மாமியாராவது மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணசருவாங்க. இந்த அம்மா சிமிட்டக்கூட மாட்டாங்க." அது சத்தத்தைப் பதிவு செய்யாது என்று ஒருநாள் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னேன். "தெரியும் சார். வாய் அசையறது தெரியும்ல?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அறைக்கு ஒரு கேமரா வந்தது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக. மாட்டினால் பிரீமியத்தைக் குறைப்பதாக அவர்கள் சொல்ல, மேலாளர் மாட்டிவிட்டார். எங்களைப் போன்ற பிள்ளைகளும் சம்மதக் கையெழுத்துப் போட்டோம். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள என் கண்ணுக்குப் பதில் ஒரு கண் கிடைத்துவிட்டதே! வெட்கமாகத்தான் இருக்கிறது, இதை எழுத.

அக்காவுக்கும் ஆரம்பத்தில் அதன்மேல் கோபமில்லை. எதிர் அறைப் பெரியவர் விழுந்து மண்டை உடைந்தபோது, பக்கத்தில் ஆளே இல்லை என்று அவர் மகன் குதித்தார். பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். பெரியவர் தானாகவே கட்டில் கம்பியைத் தாண்டியதும், விழுந்த ஏழாவது நொடியில் அக்கா ஓடிவந்து தூக்கியதும் அதில் இருந்தன. "அன்னிக்கு மாமியார்தான் என் வேலையக் காப்பாத்துனாங்க."

போன வருடம் அதே மாமியார் காலை வாரிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சரம்மாவை அக்கா எழுப்பிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவின் முட்டி மடங்கித் தொடை எலும்பு முறிந்தது. "என் கைக்குள்ளதான் சார் இருந்தாங்க. மெதுவாத்தான் தரையில உக்கார வச்சேன்." ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் பதிவைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் வேறு: பணியாளரின் முதுகு மட்டுமே தெரிகிறது, விழுந்தாரா, விடப்பட்டாரா என்று உறுதி செய்ய இயலவில்லை. இன்னொரு தடவை அவரிடமிருந்து இப்படி ஒரு பதிவு வந்தால், அவரை வேலையில் வைத்துக்கொண்டு இல்லத்தின் காப்பீட்டைப் புதுப்பிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அக்காவின் கணவருக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டில் சம்பாதிப்பவர் இவர் ஒருவர்தான்.

அன்றிலிருந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி யாரையும் தூக்கக் கூடாது என்பது சட்டம். புதன்கிழமைதோறும் மேலாளர் பதிவுகளை ஓட்டிப் பார்க்கிறார்.

என் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. இப்படிப்பட்டவரை எழுப்ப முறை ஒன்று உண்டு. நல்ல பக்கம் நாற்காலியைப் போட்டு, எதிரே நின்று, அவருடைய வலுவில்லாத முட்டிக்கு நம் முட்டியால் அணைகொடுத்து, இடுப்பைக் கட்டித் தூக்க வேண்டும். அப்பாவின் கட்டில் கிடக்கிற வாகில் எதிரே நின்றால் கேமராவுக்கு முதுகுதான் தெரியும். கட்டிலைத் திருப்பலாமே என்றால், கட்டில், கேமரா எல்லாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து இன்சூரன்ஸ்காரர்களிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களாம். அவர்கள் ஆள் வந்து பார்க்காமல் நகர்த்தக் கூடாதாம். மேலாளர் எழுதிப்போட்டு இரண்டு மாதமாகிறது.

அதனால் அக்கா பக்கவாட்டில் நின்று, அப்பாவின் செத்த கையைப் பிடித்துத் தூக்குகிறார். படத்தில் எல்லாம் தெளிவாக விழுகிறது. அப்பாவின் தோள்பட்டைதான் வீங்கிவிட்டது. வலித்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார், அவ்வளவுதான். "தப்புன்னு தெரிஞ்சேதான் சார் தூக்குறேன்" என்று ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார். கேமராவுக்குக் கையெழுத்துப் போட்ட கூட்டத்தில் நானும் ஒருவன்.

போன செவ்வாய்க்கிழமை மாலை, வழக்கம்போல பிரேக், தரை எல்லாம் சொல்லி முடித்து, அக்கா அந்தக் கையைப் பிடித்தார். அப்பா கண்ணை மூடவில்லை. வாய் கோணி, அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை மாதத்தில் அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

அக்கா கையை விட்டுவிட்டார்.

"நான் மேனேஜர்கிட்ட பேசுறேங்க்கா" என்றேன், கதவோரம் கேமராவுக்குக் கீழே நின்றபடி.

"பேசுங்க சார். அதுவரைக்கும் இவரு தோளு தாங்கணும்ல?"

மேலே பார்க்காமல் அவர் நகர்ந்துபோய் அப்பாவுக்கு எதிரே நின்றார். காலை அகட்டி, முட்டியால் அணைகொடுத்து, குனிந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். "என்னைக் கட்டிப் பிடிச்சுக்குங்கப்பா. விட மாட்டேன். ஒண்ணு, ரெண்டு..."

அப்பா எழுந்து நின்றார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் முதுகுதான் தெரிந்தது. அதன்மேல் அப்பாவின் இடது கை மெல்ல ஊர்ந்து வந்து, குழந்தையைத் தட்டுவதுபோல, இரண்டு முறை தட்டிக்கொடுத்தது.