ஒரே பாத்தியில் அவியல்

நாகர்கோவில் எந்த ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று பஸ்ஸிலும் சாயாக்கடையிலும் ஊரே அடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் வீட்டில் வழக்கு வேறு. எந்தச் செடி எந்தச் செடியோடு சேரவேண்டும் என்பது.

ஆரம்பித்து வைத்தவர் என் கணவர். அவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. எந்தப் புடவைக்கு எந்த ரவிக்கைத் துணி ஒத்துப்போகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொல்லைப்புறத்துக்கும் கொண்டுபோனதுதான் வினை. மறுவீட்டு விருந்தில் அவியலை ஒரு பிடி பிடித்துவிட்டு என் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"மாமா, இதுல உள்ள காய் எல்லாத்தையும் ஒரே பாத்தியில நட்டா என்ன? சட்டிக்குள்ள ஒத்துப்போறது மண்ணுக்குள்ள ஒத்துப்போவாதா?"

அப்பா பூதப்பாண்டிப் பக்கம் காய்கறி விளைவித்து விற்பவர். வெண்டைக்கு ஒரு பாத்தி, மிளகாய்க்கு ஒரு பாத்தி என்று வாழ்ந்த மனிதர். அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"அப்போ தேங்காயும் அரச்சு ஊத்தும் மாப்பிளே, பறிக்கும்போதே அவியலா வரும்!"

பந்தியே சிரித்தது. இவர் முகம் சுண்டிப்போயிற்று. "வாற சித்திரை விஷுவுக்கு வாங்க. எங்க தோட்டத்துக் காயிலதான் உங்களுக்கு அவியல். ஒரு காய்கூட சந்தையில வாங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

விவசாயம் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அப்பா; துணி கிழிக்கிறவரைப் பிடித்தது அம்மா. விஷுவன்று அவியல் வராவிட்டால் இவருக்குத் தலை நரைக்கும் வரை எங்கள் வீட்டு விசேஷங்களில் இதுவேதான் பேச்சாக இருக்கும். என் ஆட்களை எனக்குத் தெரியும்.

கொல்லையில் நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். நடுவில் முருங்கைக் கம்பு. சுற்றி வழுதலங்காய், அதாவது கத்தரி. அதை ஒட்டிச் சேனை, பயறு, புடலை, தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணி, கறிவேப்பிலை. ஓரமெல்லாம் செண்டுமல்லி என்கிற கேந்திப்பூவும் துளசியும். கேந்தியின் வாடைக்குப் புழு அண்டாதாம். அது மட்டும் உண்மை என்று அப்பாவே ஒத்துக்கொண்டிருக்கக் கூடும்.

ஐப்பசி மழை பெய்ததும் சம்பந்திச் சண்டை தொடங்கிற்று. தடியங்காய்க் கொடி கத்தரியின் கழுத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. பயறு முருங்கையைச் சுற்றி மூச்சுமுட்ட வைத்தது. புடலை இரண்டையும் வேண்டாம் என்று துணி காயப்போடும் கயிற்றுக்கு வந்துவிட்டது. வேட்டியை உலர்த்தப் போனால் முதலில் அதனிடம் அனுமதி கேட்கவேண்டும். இலையாக விட்டதே தவிர, பிஞ்சு எதுவும் நிற்கவில்லை.

"ஒத்துப்போகுதா?" என்று தினமும் கேட்பேன். என் வாய் சும்மா இருக்காது.

"புதுசுல்லா, பழகணும். நமக்கே ஆறு மாசம் ஆச்சுல்லா" என்பார்.

விஷு அன்று விடியற்காலை தோட்டத்தைப் பார்த்தேன். கேந்தி மட்டும் கொழித்துப் பூத்திருந்தது. அதற்கு நடுவில் குழந்தைக் கைமுட்டி அளவில் ஒரே ஒரு வழுதலங்காய். இவரைக் காணவில்லை. கடையில் ஏதோ சோலி என்று இருட்டோடு பையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பண்டிகை நாளில் எந்த ஜவுளிக்கடையில் சோலி? வடசேரிச் சந்தைக்குத்தான் போயிருக்கிறார் என்று புரிந்துவிட்டது. அப்பாவின் காய் வந்து இறங்குவதும் அதே சந்தையில்தான். பகவானே, இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேங்காயை அரைத்தேன்.

கொல்லைக் கதவு திறந்தது. "பறிச்சாச்சு!" என்று இவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த நிமிஷம் வாசலில் அப்பாவின் செருமல்.

பெட்டி நிறைய முருங்கைக்காய், சேனை, புடலை, மினுமினுவென்று வழுதலங்காய். இவர் கொண்டுபோன பையைக் காணோம். இது ஓலைப்பெட்டி. விளிம்பில் சிவப்புச் சேலைத்துணி வைத்து, கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அந்தத் தையல் என் அம்மாவுடையது.

இவரைப் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தேன். நேரே கொல்லைக்குப் போய், கேந்திப்பூவை மிகுந்த அக்கறையோடு பரிசோதித்துக்கொண்டிருந்தார். சந்தையில் மாப்பிள்ளையைப் பிடித்து, தன் காயையே கையில் கொடுத்து, பின்பக்கமாகப் போகச் சொல்லியிருக்கிறார் மனிதர்.

சாப்பாட்டில் அப்பா ஒரு கத்தரித் துண்டை எடுத்து என்னிடம் காட்டினார்.

"ஒரு புழுக்குத்து இல்ல, பாத்தியா மக்ளே? கேந்தி நட்டதுக்க பலனாக்கும்."

அப்பாவின் வயலில் ஒரு கேந்திச்செடி கிடையாது.

"ஆமா மாமா, அதுக்க வாடைதான்" என்றார் இவர், அடக்கமாக.

ஒரு வருஷத்துக்குப் போதுமான கேலி என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

"நீ ஏன் மக்ளே ஒண்ணும் சொல்ல மாட்டேங்க?" என்றார் அப்பா.

"எங்க தோட்டத்த நானே புகழ்ந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, இரண்டு பேர் இலையிலும் இன்னொரு கரண்டி அவியல் வைத்தேன்.