கடைசி நாலு தாள்

கதைப் புத்தகம் கைக்கு வந்ததும் பாவாயி முதலில் செய்கிற காரியம், கடைசி நாலு தாளைக் கிழிப்பது. பதினோரு வருஷமாக இதே பழக்கம். ஏற்காடு பஜாரில் பழைய புத்தகம் விற்பவர் ஒருநாள், "ஏனுங்க, கறையான்கூட இப்படி அளவு பாத்துத் தின்னாதுங்க" என்று சொல்லியே விட்டார். பாவாயி கிழித்த தாளையும் புத்தகத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் வாங்குவதெல்லாம் பட்டணத்தில் வேலை பார்க்கும் பெண்களின் கதைகள். கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், மேனேஜரை எதிர்த்துப் பேசும் ஒருத்தி. நூற்றெண்பது பக்கம் வரைக்கும் எவனுக்கும் அடங்காதவள், கடைசி நாலு தாளில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தாலிக்குக் கழுத்தை நீட்டிவிடுவாள். இரண்டாவது புத்தகத்திலேயே பாவாயிக்கு அலுத்துப்போனது. எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் இதைவிட நல்ல முடிவு தனக்கே வரும் என்று பட்டது.

கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டே அந்த முடிவுகளைச் சொல்வாள். அவள் கதையில் அந்தப் பெண் கம்பெனிக்கே முதலாளி ஆவாள். பழைய மேனேஜர் அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பார். அந்த மேனேஜருக்கு எப்போதும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சத்யராஜின் மீசை. பாவாயிக்குப் பக்கத்து வரிசை கேட்டுப் பெண்கள் சண்டை போட்டார்கள்.

கிழித்த தாள்கள் கூடவே பழம் பறிக்கும் அடுத்த வீட்டு அருக்காணிக்குப் போகும், அடுப்புப் பற்றவைக்க. அருக்காணிக்கு எழுத்துத் தெரியாது.

போன மார்கழியில் அருக்காணியின் மகள் நந்தினிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. "பாவாயக்கா கதையில வர்ற புள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருக்குதுங்க" என்று அருக்காணி அரை மனதாகச் சம்மதித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பயணம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சத்யராஜ் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார். மீசை விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பாவாயி அந்த வாரம் சொல்லி முடித்த அதே கதை. ஒரு தாள்கூடக் கிழியாதது.

"பாவாயக்கா, உங்க கதையில வர்ற புள்ள மொதலாளி ஆயிட்டாள்னீங்க. இங்க வேற மாதிரி போட்டிருக்குதே."

நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தார். அவள் வேலையை விட்டாள். தாலி ஏறியது.

அருக்காணியின் கைச்சோறு வாய்க்குப் போகவில்லை. "இப்படித்தான் முடியுமாக்கா?"

பாவாயி தூக்குவாளியை மூடிவைத்தாள். கட்டிவைத்த பெட்டியை அருக்காணி இன்றைக்கே அவிழ்த்துவிடுவாள், தன் வாய்தான் காரணம் என்று நினைத்தாள்.

அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்த நந்தினிதான் பேசினாள்.

"எல்லாமே இப்படித்தாம்மா முடியும். பெரியம்மா கிழிச்சுத் தர்றத நீ அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சிருவேன். கடைசித் தாள் மட்டும், இத்தன வருஷமா. ஒருத்தி பாக்கியில்லாம வேலைய உட்டுட்டாளுங்க."

"அப்பறம் எதுக்குடி நீ போற?"

"உடறதுக்கு மொதல்ல ஒரு வேலை வேணுமில்ல."

பெண்கள் சிரித்த சிரிப்பில் சத்யராஜ் புத்தகத்தை மூடினார். அருக்காணி சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"ரைட்டருங்க, அந்த நாலு தாளையும் கிழிச்சுக் குடுங்க. அடுப்புக்கு நொம்ப நல்லா எரியும்."

நந்தினி சென்னையில் இருக்கிறாள். இன்னும் வேலையை விடவில்லை. பாவாயி இப்போதும் தாள் கிழிக்கிறாள். அருக்காணி வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டது.