பூட்டின அலுமாரிக்கு நான்தான் பொறுப்பு

பள்ளிக்கூடத்துல நூலகப் பொறுப்புங்கிறது, பாடவேளை குறைவா இருக்கிற டீச்சர் தலையில கட்டுற வேலை. உங்கள்ல யாராவது இதுல மாட்டியிருந்தா நான் சொல்லாமலே விளங்கும். பெருமையா சொல்லிக்க இதுல ஒண்ணும் இல்ல. ஆனா சொல்லாம மனசுல வச்சிருக்கவும் முடியல.

சாவி கைக்கு வந்தது

எங்க பாடசாலை பலாபத்வலப் பக்கம், ஒன்பதாம் தரம் வரைக்கும்தான். பாதிப் பிள்ளைங்க தோட்டத் தொழிலாளர் லயங்கள்ல இருந்து வர்றவங்க. நூலகம்னதும் பெரிசா நினைச்சிராதீங்க. ஒரு அறை, கண்ணாடிக் கதவு போட்ட மூணு அலுமாரி, ஒரு நீட்டு மேசை. அந்த மேசையிலதான் நாங்க டீச்சர்மார் பகல் சாப்பாடு சாப்பிடுறது. மூலையில நெட்போல் வலை சுருண்டு கிடக்கும்.

எனக்கு முன்னால பொறுப்பா இருந்த டீச்சர் மாற்றலாகிப் போற நேரம் சில புத்தகங்களைக் காணோம். விளக்கக் கடிதம் எழுதி எழுதியே அவங்க மாற்றம் ரெண்டு பள்ளித் தவணைக்கு இழுபட்டுச்சு. அதைக் கண்ணால பார்த்தவ நான். அதனால அதிபர் சேர் சாவிக்கொத்தை நீட்டினப்ப, சாவியை ரெண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். அவரு சொன்னது இவ்வளவுதான்: "புத்தகம் குறையாமப் பாத்துக்கங்க டீச்சர், மத்ததெல்லாம் பிறகு."

அப்பா கையெழுத்து

அந்த மத்ததெல்லாம்னா பிள்ளைங்கதான்னு எனக்கு அப்ப உறைக்கல. நூலகப் பாடவேளைக்கு வர்ற பிள்ளைங்களை மேசையைச் சுத்தி உக்காரவச்சு உறுப்பெழுத்து எழுதச் சொல்லுவேன். இல்லாட்டி அலுமாரிக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுவேன். கண்ணாடி மட்டும் பளபளன்னு இருக்கும், போங்க!

எட்டாம் தரத்துல கௌசல்யான்னு ஒரு பிள்ளை. புத்தகம் கேட்டு விடாம வரும். முதல்ல "கையக் கழுவிட்டு வா"ன்னேன். கழுவிட்டு வந்துச்சு. "உறை போட பொலித்தீன் கொண்டு வா"ன்னேன். கொண்டு வந்துச்சு. கடைசியா, அப்பா கையெழுத்து வச்ச கடிதம் வேணும்னேன். அதோட அப்பா சீகிரியாவுல வெள்ளைக்காரங்களுக்கு த்ரீவீல் ஓட்டுறவரு, கிழமைக்கு ஒருக்காதான் வீட்டுக்கு வருவாரு. பிள்ளை அதுக்கும் காத்திருந்து திங்கட்கிழமை கடிதத்தோட வந்து நின்னுச்சு. "தவணைப் பரீட்சை வருதுல்ல, முடியட்டும்"னேன். வாய் கூசாம சொன்னேன். அது கடிதத்தை மடிச்சுக்கிட்டே கேட்டுச்சு: "சரி டீச்சர், அதுவரைக்கும் அப்பா கையெழுத்து செல்லும்தானே?"

தம்புள்ளையில இருந்து வந்த பெட்டி

எங்க பாடசாலையில படிச்ச ஒருத்தர் தம்புள்ளையில மரக்கறி மொத்த வியாபாரம் செய்யிறாரு. ஒரு தடவை கொழும்புக்குப் போன லொறியில ஒரு பெட்டி கதைப் புத்தகம் வாங்கிப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினாரு. நாங்களும் மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேக் குடுத்து அனுப்பினோம்.

அடுத்த தவணை எங்க பக்கம் வந்தவரு சும்மா எட்டிப் பார்த்தாரு. பெட்டி ஒட்டின டேப்கூடக் கழலாம அப்படியே கிடக்கு, அதுக்கு மேல என் குடை! "பதிவேட்டுல ஏத்தணும், நம்பர் போடணும், நேரமில்ல"ன்னு என்னென்னவோ உளறினேன். மனுசன் கோபப்படல, கோபப்பட்டிருந்தாலும் தேவலை. குடையை எடுத்து ஓரமா வச்சிட்டு மெல்லச் சொன்னாரு: "கரட் மூடையக்கூட நாங்க ரெண்டு நாளைக்கு மேல கட்டி வைக்கிறதில்ல டீச்சர்."

பல நிறப் பேனா

ரோசம் வந்து அன்னிக்கே பெட்டியைப் பிரிச்சேன். பிரிச்சு என்ன செஞ்சேன்? அட்டை வெளிய தெரியிற மாதிரி கண்ணாடிக்குப் பின்னால அழகா அடுக்கிப் பூட்டினேன். அதுல மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒண்ணு. ரயில் பாதையில ஒரு சின்னப் பிள்ளை ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிற படம். பரீட்சை முடிஞ்சும் புத்தகம் கிடைக்காத கௌசல்யா இடைவேளைக்கெல்லாம் வந்து அதுக்கு முன்னாலதான் நிக்கும்.

இப்படி இருக்கிறப்ப, வலயக் கல்விப் பணிமனையில இருந்து மேற்பார்வைக்கு வர்றதாத் தகவல் வந்துச்சு. நூலகத்தையும் பார்ப்பாங்களாம். இரவல் பதிவேட்டைத் திறந்தா வெள்ளைவெளேர்னு இருக்கு. விஞ்ஞானம் படிப்பிக்கிற றிஸ்வானா டீச்சரைத் துணைக்கு வச்சுக்கிட்டு, பகல் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து வருசம் முழுக்க இரவல் குடுத்த மாதிரி எழுதித் தள்ளினோம். ஒரே நாள்ல எழுதினது தெரியக்கூடாதுன்னு பேனாவை மாத்தி மாத்தி எழுதினோம். பேர் ஞாபகம் வராத நேரமெல்லாம் என் கை தானாக் கௌசல்யான்னு எழுதுச்சு. நாள் தவறாம வந்து நின்ன பிள்ளை அதுதானே. கடைசி வரியில அந்த மஞ்சள் புத்தகத்தையும் அது பேருலயே எழுதினேன். றிஸ்வானா டீச்சர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க: "அல்லாவே, இந்தப் புள்ள இவ்வளவையும் வாசிச்சிருந்தா இந்நேரம் நமக்குப் பாடம் எடுக்கும்!"

யாரு இந்தக் கௌசல்யா?

வந்த அதிகாரி நல்ல மனுசன், அதுதான் வினையாப் போச்சு. பதிவேட்டை ஒவ்வொரு வரியா ஆசையோட பார்த்தாரு. "யாரு இந்தக் கௌசல்யா? கூப்பிடுங்க, பாராட்டணும்"னாரு. வேற வழியில்லாம ஆள் அனுப்பினேன்.

பிள்ளை வந்துச்சு. கடைசி வரியில விரலை வச்சு, "இதுல என்ன கதை மகள்?"ன்னு கேட்டாரு. அது பதிவேட்டைப் பார்த்துச்சு. அதுல தன் பேரைப் பார்த்துச்சு. பிறகு என்னைப் பார்த்துச்சு. அந்தப் பார்வையில நான் செத்தேன்னு வைங்க. ஆனா பிள்ளை வாயைத் திறந்து கதை சொல்லத் தொடங்கிருச்சு! "அந்தப் பிள்ளையோட அப்பா தூரத்துல வேலை செய்யிறாரு சேர். கிழமைக்கு ஒருக்கா வருவாரு. ஒரு கிழமை வரல. பிள்ளை ஆட்டுக்குட்டிய வீட்டுல தனியா விட மனசில்லாம அதையும் தூக்கிக்கிட்டு ரயில் ஏறி அப்பாவத் தேடிப் போகுது." ரயிலுக்குள்ள ஒரு டீச்சர் வந்து, பிள்ளைக்குப் பசிக்கும்னு தன் சாப்பாட்டுல பாதியக் குடுத்தாங்களாம். நல்ல டீச்சராம்.

அதிகாரிக்குக் கண் கலங்கிருச்சு. என் பக்கம் திரும்பி, "கதை இதுதானே டீச்சர்?"ன்னாரு. "ஆமா சேர்"னேன். பிள்ளைக்கு முன்னாலயே சொன்னேன். அவரு அதிபர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு: "இப்படி ஒரு டீச்சர் எல்லாப் பாடசாலைக்கும் கிடைக்கணும்."

இடைவேளை மணிக்குப் பிறகு

அதிகாரியோட ஜீப் போனதும் அதிபர் அறையில பிளேன்டீயும் பெட்டிசும் வச்சாங்க. எனக்கு இறங்கல. நூலகத்துக்கு வந்தா வாசல்ல கௌசல்யா. இன்னிக்குப் புத்தகம் கேட்கத்தான் வந்திருக்கு, கேட்க உரிமையும் இருக்குன்னு நினைச்சேன். அது கேட்டது வேற. "டீச்சர், அட்டைப் படத்தப் பார்த்து நானாத்தான் அந்தக் கதையக் கட்டினேன். நீங்க சேர்கிட்ட ஆமான்னீங்க. நெசமாவே உள்ளுக்கு அதே கதைதானா?"

பொய் சொல்லக்கூட எனக்கு வக்கில்ல. அந்தப் புத்தகத்தை நான் திறந்ததே இல்ல. அதை மட்டுமில்ல, அந்த அலுமாரியில இருந்த ஒண்ணையும் நான் வாசிச்சதில்ல. சாவி என் கைப்பையிலயே கிடந்துச்சு, நான் தூசி மட்டும் தட்டினேன். "தெரியாது மகள்"னேன். அலுமாரியைத் திறந்தேன். மஞ்சள் புத்தகத்தை எடுத்து அது கையில குடுத்தேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துச்சு. கோபமே இல்லாம, ஆறுதல் சொல்ற குரல்ல சொல்லுச்சு: "நீங்களும் வாசிக்கலையா டீச்சர்? பரவாயில்ல, நான் முதல்ல வாசிச்சிட்டு உங்களுக்குத் தர்றேன்."

ஆறு வருசமா நூலகப் பொறுப்புல இருக்கிற எனக்கு, அந்த நூலகத்துப் புத்தகம் ஒண்ணு வாசிக்கக் கிடைச்சது, எட்டாம் தரத்துப் பிள்ளை மனசு வச்சு இரவல் குடுத்ததாலதான்.