வெயிலில் களைத்த பிக்கப்பும் பதினான்கு பெட்டி முந்திரிகையும்

என் தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். இங்கிலாந்தில் செய்தது. கோட்டும் தொப்பியும் போட்ட கெட்டிக்காரர்கள் பலர் கூடி யோசித்துச் செய்திருக்க வேண்டும். மழையை யோசித்திருந்தார்கள், பனியை யோசித்திருந்தார்கள். சித்திரை மாதத்தை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்கள்.

மார்கழியில் அது நல்ல பிள்ளை. வெயில் ஏறினால்தான் அதன் குணம் தெரியும். முதலில் இழுவை குறையும். பிறகு இரண்டு தரம் இருமும். பிறகு நின்றுவிடும். ஏற்றத்தில் களைத்தது என்று சொல்லவும் வழியில்லை, யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது? காரணம் சின்னது. எஞ்சின் சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பெற்றோல் பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. சூடு தணிந்தால் தானாக ஓடும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன். எதையும் எழுதி வைக்காமல் நம்புவதில்லை. தையிலும் மாசியிலும் அந்த பிக்கப் ஒன்பது தரம் நின்றது. நான்கு தரம் பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள். மூன்று தரம் குழாயை வாயால் ஊதினார்கள். ஒரு தரம் ரயரை உதைத்தார்கள். ஒரு தரம் ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது தரமும் சராசரியாக முப்பத்தெட்டு நிமிடத்தில் அது ஓடியது. கடைசியாகத் தொட்டவருக்குப் பேர் கிடைத்தது. எழுதி வைத்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிக்கப்போடு மச்சான் இன்னொரு புதுமையும் செய்திருந்தார். தகப்பனின் வெங்காயத் தோட்டத்தில் ஆறு பரப்பு நிலத்தை மன்றாடி வாங்கி, பந்தல் போட்டு முந்திரிகைக் கொடி, அதாவது திராட்சை, நட்டிருந்தார். தகப்பனுக்கு அந்தப் பந்தலைக் கண்ணில் காட்டக் கூடாது.

"ஒரு விளைச்சல் பாக்கிறன். கொழும்புக்காரன் எடுத்தால் சரி. எடுக்காட்டில் திங்கக்கிழமை கொடியைப் பிடுங்கிப்போட்டு வெங்காயம் நடுவன்" என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் விதை வெங்காயமும் வாங்கி வைத்திருந்தார்.

கொழும்பு வியாபாரியும் இளகிய மனிதரல்ல. பழத்தை வெள்ளிக்கிழமை மெயில் ரயிலில் அனுப்ப வேண்டும், சனிக்கிழமை காலை பார்ப்பார், பிடித்தால் தொடர்ந்து எடுப்பார், வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார். இவ்வளவும் ஒரு தபாலட்டையில். எங்கள் வீட்டிலிருந்து சுன்னாகம் புகையிரத நிலையம் ஆறேகால் மைல். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு பார்சல் எடுக்க மாட்டார்கள்.

சித்திரை மாதத்து அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு நாள் லீவு போட்டேன். விடியவே குலைகளை வெட்டி, வைக்கோல் பரப்பி, பதினான்கு பலகைப் பெட்டிகளில் அடுக்கினோம். பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் ஏற்றி முடிந்தது. வெயில் இன்னும் முற்றவில்லை. அப்போதே புறப்பட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திராது.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. முதல் முதலாப் போற சாமான்" என்றாள் தங்கை. கற்பூரம் வந்தது. தீப்பெட்டி வரவில்லை. தீப்பெட்டி வந்தபோது எலுமிச்சங்காய் மூன்றுதான் இருந்தது. நாலு சில்லுக்கு மூன்று காய் எப்படிக் காணும்? நாலாவது காய் அயல் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது நேரம் பத்து முப்பத்துமூன்று. ராகுகாலம் பிறந்து மூன்று நிமிடம்.

"இனிப் பன்ரண்டுக்குப் பிறகுதான்" என்றாள்.

"பன்ரண்டு மணி வெயிலிலை இந்த எஞ்சின் போகாது, பிள்ளை" என்றேன்.

"ராகுகாலத்திலை போனால் மட்டும் போகுமோ?"

என் குறிப்புக் கொப்பியை எடுத்தேன். கணக்குப் போட்டேன். பன்னிரண்டு ஐந்துக்குப் புறப்பட்டு, வழியில் ஒருதரம் நின்றாலும் முப்பத்தெட்டு நிமிடம். ஒன்றரைக்கெல்லாம் சுன்னாகம். "பயப்பிடாதையும், நான் பொறுப்பு" என்று மச்சானிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பொறுப்பெடுத்த காரியங்கள் மிகச் சில. ஏன் மிகச் சில என்பதற்கு இது ஒரு சான்று.

பன்னிரண்டு இருபத்துநாலுக்கு, மூன்றாவது மைல் கல்லடியில், அது இருமி நின்றது. இரு பக்கமும் வெங்காயத் தோட்டம். ஒரு மர நிழல் இல்லை. மச்சான் இறங்கி எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்தார்.

"ஒண்டும் செய்ய வேண்டாம். ஒரு மணி ரண்டு நிமிசத்துக்கு ஓடும்" என்று சொல்லி, நான் றோட்டோரம் குடையை விரித்துக்கொண்டு கொப்பியில் நேரத்தைக் குறித்தேன்.

ஆனால் எங்கள் வலிகாமப் பகுதியில் திறந்த எஞ்சினைத் தனியே விட்டு வைக்க மாட்டார்கள். அங்கே தோட்டத்துக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு இறைக்கும் மிசின். மிசின் வைத்திருப்பவன் எல்லாம் மெக்கானிக். ஐந்து நிமிடத்துக்குள் நாலு பேர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள்.

"பிளக் ஊத்தை, தம்பி. என்ரை மிசினும் உப்பிடித்தான்" என்றார் முதலாமவர், ஒரு கிழவர்.

"உங்கடை மிசின் பிளக்காலையே நிண்டது? நீங்கள் எண்ணெய் விடாமல் நிண்டது" என்றார் இரண்டாமவர். "இது எங்கையோ காத்து இழுக்குது."

மூன்றாமவர் தலையை எஞ்சினுக்குள் விட்டு மூக்கால் மணந்து பார்த்தார். நாலாமவர் இளந்தாரி. அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"உவர் ஆர், அண்ணை? எஞ்சினுக்குச் சாதகம் எழுதுறாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அவர் சிரித்ததை மன்னித்தேன். பெட்டிகளைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார். பழம் வெயிலில் வேகத் தொடங்கினால் சனிக்கிழமை கொழும்பில் யாரும் மூடியைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

ஒன்று இரண்டுக்கு நான் எழுந்து, "இப்ப ஸ்டார்ட் அடியும்" என்றேன். அடித்தார். ஓடவில்லை. ஒன்று பத்துக்கும் இல்லை. ஒன்று இருபதுக்கு பற்றரியே முனகத் தொடங்கியது. என் ஒன்பது கணக்கும் தை மாசிக் கணக்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரை வெயிலில் எஞ்சின் ஆறுவதற்கு முதலில் றோட்டு ஆற வேண்டும்.

"சாதகத்திலை என்ன சொல்லுது, ஐயா?" என்றான் இளந்தாரி.

அப்போது, மணந்து பார்த்தவர் முதல் தரமாக வாய் திறந்தார். "குழாய் கொதிக்குது. என்ரை கிணத்தடிக்குத் தள்ளுவம். குளிர்ந்த தண்ணி இருக்கு."

ஆறு பேர் சேர்ந்து தள்ளினோம். கிணற்றடியில் மிசின் தண்ணீரை வாய்க்காலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாக்குத் துண்டை நனைத்து பெற்றோல் பம்பையும் குழாயையும் சுற்றிக் கட்டினார்கள். சீ என்று ஆவி எழுந்தது. ஒன்று நாற்பதுக்கு எஞ்சின் ஓடியது. என் கணக்குப்படி இரண்டு மடங்கு நேரம்.

ஆனால் சாக்கு பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆகவே பொனற்றைக் கழற்றிப் பின்னால் பெட்டிகளுக்கு மேல் வைத்தார்கள். பழத்துக்கு நிழலாக இருக்கும் என்று அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். பிறகு ஒரு ஆள் முன் சில்லுக்கு மேலே மட்காட்டில் குந்தி, வாளியிலிருந்து பேணியால் தண்ணீர் அள்ளி, ஓட ஓடச் சாக்கில் ஊற்ற வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் மச்சான். மிச்சம் நான் ஒருவன். வெள்ளை வேட்டி, வாளி, பேணி, ஒரு கையால் முன்விளக்கைக் கட்டிப் பிடித்தபடி அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் வலிகாமத்தின் நடுவால் பவனி போனார். குடையைப் பிடிக்கக் கை இல்லை.

வாளி ஒரு மைலுக்குக் காணாது. கிணற்றுக்குக் கிணறு நின்றோம், மொத்தம் நாலு கிணறு. இதில் மச்சானின் பெருந்தன்மை வேறு. "உதவி செய்த சனத்தை வெறுங்கையோடை விடேலுமே?" என்று கிணற்றுக்குக் கிணறு பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு குலை கொடுத்தார். வாங்கியவர்கள் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, "புளிக்குது" என்றார்கள். பிறகு குலை முழுவதையும் தின்று முடித்து, "பரப்புக்கு எத்தினை கொடி வைச்சனீர்? எங்கை எடுத்தனீர்?" என்று விசாரித்தார்கள். இரண்டு பெட்டி அப்படி வெறுமையானது. இருபத்துநாலு குலை. இருபத்துமூன்று அவர்களுக்கு. ஒன்றை நான் தின்றேன், புளிப்பு இல்லை.

இரண்டு நாற்பத்தேழுக்குச் சுன்னாகம் நிலையத்தில் நின்றோம். கடைசி மூன்றேகால் மைலுக்கு அறுபத்தேழு நிமிடம். நடந்திருந்தால் அறுபத்தைந்து. பார்சல் எடுப்பவர் என் நனைந்த வேட்டியைப் பார்த்து, "மழையோ, ஐயா?" என்று கேட்டார். பன்னிரண்டு பெட்டியும் நிறுத்து உள்ளே போன பிறகுதான் மச்சான் மேடையில் குந்தினார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அந்த நேரத்தை மட்டும் நான் குறிக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் தந்தி வந்தது. தந்தி என்றாலே செத்த வீடு என்று தங்கை அழத் தொடங்கிவிட்டாள். மச்சானின் தகப்பனுக்கு முன்னால் நான்தான் உடைத்து வாசித்தேன். பத்துப் பெட்டி நல்லது, வாராவாரம் அனுப்பவும். இரண்டு பெட்டி எஞ்சின் எண்ணெய் மணம், எடுக்க முடியாது. நான் சொல்லி வைத்த பொனற்றின் நிழல் எவ்வளவு அகலம் என்பது அதிலிருந்து தெரிந்தது. இரண்டு பெட்டி அகலம்.

மச்சான் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் விதை வெங்காயச் சாக்கைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"றோட்டிலை எத்தினை பேர் பழம் திண்டவங்கள்?"

"இருபத்துமூண்டு பேர், மாமா."

"கொடி எங்கை எடுத்ததெண்டு எத்தினை பேர் கேட்டவங்கள்?"

"பதினேழு."

அவர் செருப்பைப் போட்டு மகனிடம் திரும்பினார். "அவங்கள் முழுப்பேரும் இந்தக் கிழமைக்குள்ளை பந்தல் போடுவாங்கள். பிறகு ஊருக்குள்ளை கால் நட ஒரு கம்பு எடுக்கேலாது. வாடா, வண்டியைக் கட்டு. கிழக்காலை கிடக்கிற மூண்டு பரப்பையும் இதோடை சேர்."

இருட்டுவதற்கு முன் அறுபது பந்தற்கால் வந்து இறங்கியது. என்னைத்தான் எண்ணச் சொன்னார். அறுபதும் சரி. ஒன்று உளுத்திருந்தது.